கணவர் மூலம் விளக்கப்பட்டது

1

கயல், போன மாதம் காரில் நீ ஒரு கேள்வி கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. சிக்னலில் பச்சை விழுந்துவிட்டது என்று கையைக் காட்டினேன். நீயும் வண்டியை எடுத்துவிட்டாய். அதோடு நீ மறந்திருக்கலாம். எனக்கு அது அப்படியே நிற்கிறது.

அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். அம்மா பின் சீட்டில் இடுப்புக்குத் தலையணை கொடுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய பழைய வைத்தியக் காகிதங்கள் கட்டாக என் மடியில் இருந்தன. ஒன்பது வருஷத்துக் காகிதம். சிக்னல் விழுந்த நேரத்தில் நீ ஒன்றை எடுத்துப் படித்தாய். படித்துவிட்டு எனக்குத் தமிழில் சொன்னாய். ‘அபாயங்கள் கணவர் மூலம் விளக்கப்பட்டன. நோயாளி புரிந்துகொண்டு சம்மதித்தார்.’ கீழே அம்மாவின் கையெழுத்து, தமிழில், கொம்பும் சுழியும் பெரிது பெரிதாக. செல்வராணி.

“அப்பா, இதெல்லாம் தெரிஞ்சுதான் அம்மா சைன் பண்ணாங்களா?”

இதுதான் உன் கேள்வி. உன் தம்பி இனியன் கேட்கவில்லை. அவன் காதில் மாட்டியிருந்தது எப்போதும்போல எதையோ பாடிக்கொண்டிருந்தது. ஆனால் அவனும் ஒருநாள் கேட்பான். அதனால் உங்கள் இருவருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

இங்கிலீஷில் எழுதினால் நீங்கள் ஐந்து நிமிஷத்தில் படித்துவிடுவீர்கள். தமிழ் என்றால் எழுத்துக் கூட்ட வேண்டும், பாதியில் என்னைக் கூப்பிட வேண்டும். கூப்பிடுங்கள். என் இங்கிலீஷ் ஓட்டல் சமையல்கட்டில் கற்றது. ‘சூடு, பின்னால வர்றேன்’, ‘அது தீந்துபோச்சு சார்’, ‘எந்தப் பிரச்சினையும் இல்ல சார்’. இருபது வருஷமாக அந்த மூன்றாவது வாக்கியத்தை வைத்துத்தான் இந்த நாட்டில் காலம் தள்ளியிருக்கிறேன். அந்த மொழியில் எனக்கு மழுப்புவது சுலபம்.

கள்ளக்குறிச்சியில் என்னோடு பத்தாவது வரை படித்த கோவிந்தன் ஒரு சின்னப் பத்திரிகை நடத்துகிறான். “டேய், வெளிநாட்டு வாழ்க்கைய பத்தி எதுனா எழுதி அனுப்புடா” என்று வருஷா வருஷம் கேட்பான். பனி எப்படி விழும், ரயில் எப்படி ஓடும் என்று எழுதுவேன் என நினைத்திருப்பான். நான் இதைத்தான் அனுப்பப் போகிறேன். அம்மா சரி என்று சொன்னால்.

2

இனியன் பிறந்த பிறகு அம்மாவுக்கு ஒரு தொந்தரவு வந்தது. தும்மினால், சிரித்தால், கனமாக எதையாவது தூக்கினால் சிறுநீர் கசிந்துவிடும். பிள்ளை பெற்ற நிறையப் பெண்களுக்கு வருவதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டோம். அப்போது தெரியாது. அம்மா என் பழைய லுங்கிகளைக் கிழித்து மடித்து வைத்துக்கொள்வாள். துவைத்து, யார் கண்ணிலும் படாமல், படுக்கையறை ஹீட்டருக்குப் பின்னால் காயப்போடுவாள்.

பொங்கலுக்கு இங்கே ஒரு ஹால் எடுத்து நம் பெண்கள் கும்மி அடிப்பார்கள். அம்மா தன் ஊர் நைனார்பாளையத்தில் கும்மி அடித்தால் வளையல் உடையும், அவ்வளவு வேகம். இங்கே சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து கை தட்டுவாள். “இன்னா செல்வி, சீமைக்கு வந்து அடங்கிட்டே?” என்று கேட்டவர்களிடம் முட்டிவலி என்றாள். ஒருநாள் பூங்காவில் குதிக்கிற துணிமேடையில் இனியன் அவள் கையைப் பிடித்து ஏற்றிவிட்டான். இரண்டே குதி. இறங்கி வந்து, பாட்டில் தண்ணீர் கொட்டிவிட்டது என்று உங்களிடம் சொன்னாள். கயல், உனக்கு அப்போது பத்து வயது. “பாட்டில் மூடித்தான் இருக்கு” என்று நீ காட்டினாய்.

அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போனோம். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குக் கடிதம். அந்த ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் நல்ல மனிதர். இதை நான் சொல்லியே ஆக வேண்டும். உயரமானவர், பொறுமையானவர். ஒரு தாளில் படம் வரைந்தார். சிறுநீர்க் குழாய்க்குக் கீழே தூளி கட்டுகிற மாதிரி ஒரு வலை நாடாவைக் கட்டிவிடுவது. பிளாஸ்டிக் நூலில் பின்னியது. டேப் என்று சொன்னார். நாங்களும் அன்றிலிருந்து டேப்பு என்றுதான் சொல்கிறோம்.

முதலில் அவர் ஒன்று சொன்னார். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் ஏற்பாடு செய்யலாம், ஆனால் வேறு நாள் வர வேண்டும். அன்றைக்கே நான் கெஞ்சி லீவு வாங்கி வந்திருந்தேன். நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். எந்தப் பிரச்சினையும் இல்லை சார்.

பிறகு அவர் அரைமணி நேரம் பேசினார். எனக்காகச் சின்னச் சின்ன வார்த்தையாகப் பேசினார். பெரும்பாலோருக்கு நன்றாகிவிடும் என்றார். ஆனால் சிலருக்கு அந்த டேப்பு சதையை அறுத்துக்கொண்டு வெளியே வரலாம். தொடையிலும் அடிவயிற்றிலும் வலி வந்து நின்றுவிடலாம். புருஷன் பெண்டாட்டி சேர்வதில் வலி வரலாம். ஒருமுறை வைத்துவிட்டால் சதை அதைப் பிடித்துக்கொள்ளும், முழுசாக எடுப்பது கஷ்டம், எடுக்க முடியாமலே கூடப் போகலாம்.

எனக்குப் புரிந்தது, கயல். ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பி இப்படிச் சொன்னேன்: “சின்ன டேப்பு. இருவது நிமிஷ வேலையாம். அன்னிக்கே வூட்டுக்கு வந்துடலாம். எல்லாம் சரியாயிடும்னு சொல்றாரு.”

டாக்டருக்கே சந்தேகம் வந்தது. நான் இவ்வளவு நேரம் சொன்னேன், நீங்கள் இரண்டு வரியில் முடித்துவிட்டீர்களே என்றார். தமிழ் சுருக்கமான மொழி சார் என்றேன். அவர் சிரித்தார். நான் சிரித்தேன். நாங்கள் இருவரும் சிரிப்பதைப் பார்த்து அம்மாவும் சிரித்தாள். சிரித்தபடியே கையெழுத்துப் போட்டாள்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ கேட்பாய். நான் வளர்ந்த வீட்டில் ஒரு காரியத்துக்குக் கிளம்பும்போது கெட்ட வார்த்தை சொல்லக் கூடாது. மக்காச்சோளம் விதைக்கிற அன்றைக்கு எங்கள் அப்பா முன்னால் புழு என்று யாரும் வாயைத் திறக்க முடியாது. பிரசவத்துக்குப் போகிற பெண்ணிடம் இன்ன இன்ன ஆகலாம் என்று யாராவது சொன்னால் செருப்பால் அடிப்பார்கள். சொன்னால் நடந்துவிடும் என்று ஒரு பயம். ஆபரேஷனுக்குப் போகிறவளிடம் ‘அறுத்துக்கினு வெளிய வரலாமாம்’ என்று எந்த வாயால் சொல்வது? மேலும் அந்த மூன்றாவது விஷயத்தை, அந்த வெள்ளைக்கார நர்ஸ் முன்னால், பட்டப்பகலில், எப்படிச் சொல்வது? இவ்வளவுதான் காரணம். அவளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தேன்.

வெளியே வந்து பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தோம்.

3

முதல் வருஷம் திருவிழாதான். அதையும் சொல்ல வேண்டும். ஒரு சொட்டுக் கசிவு இல்லை. அந்தப் பொங்கலுக்கு அம்மா கும்மி அடித்தாள். இனியனோடு துணிமேடையில் குதித்தாள். நான் சொன்னது சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன்.

இரண்டாம் வருஷம் ஆரம்பித்தது. இடது தொடையின் உள்பக்கம் வலி. உட்கார்ந்தால் ஜாஸ்தி, நின்றால் கம்மி. அடிக்கடி நீர்க்கடுப்பு. வீட்டுப் பக்கத்து டாக்டர் மாத்திரை கொடுப்பார், சரியாகும், மறுபடி வரும். முதுகிலிருந்து வருகிற வலியாக இருக்கலாம் என்று பயிற்சி சொல்லித்தரும் இடத்துக்கு அனுப்பினார்கள். அம்மா ஹாலில் பாய் விரித்துக் காலைத் தூக்கித் தூக்கி இறக்கினாள். நீங்கள் இரண்டு பேரும் எண்ணினீர்கள். ஒவ்வொரு முறையும் போனில் காத்திருக்க வேண்டும். வரிசையில் நீங்கள் பதினான்காவது, பதிமூன்றாவது என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்கும். நான் வேலை செய்யும் சலவைக்கூடத்தில் மெஷின் சத்தத்துக்கு நடுவில் போனைக் காதில் அழுத்திக்கொண்டு நிற்பேன். ஓட்டல் மூடிய பிறகு அங்கேதான் சேர்ந்தேன். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் துவைக்கும் இடம்.

ஒருமுறை டாக்டர், கீழே பரிசோதித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டார். ஆண் டாக்டர். அம்மா தலையை ஆட்டி மறுத்தாள். நான் அதையே இன்னும் பலமாக, வேண்டாம் சார், அவசியமில்லை சார் என்றேன். பெண் டாக்டர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இதற்கு மேல் உள்ளது உங்களிடம் எழுதக் கூடாதது. ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். அந்த டேப்பு வெளியே வந்திருப்பது என் உடம்பிலேயே எனக்குத் தெரிந்தது. நைலான் தூண்டில் நரம்பு கீறுகிற மாதிரி. அதை நான் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே விஷயம் விளங்கியிருக்கும். நான் ஷிஃப்ட் வேலையைக் காரணம் காட்டி உன் அறைக்குப் பக்கத்துச் சின்ன அறையில் படுக்க ஆரம்பித்தேன். அம்மா என்னை ஒன்றும் கேட்கவில்லை. அவள் என்ன நினைத்துக்கொண்டாள் என்று நானும் கேட்கவில்லை.

வேலை இடத்துச் சாப்பாட்டு அறையில் டிவி ஓடும். ஒருநாள் வரிசையாகப் பெண்கள் பேசினார்கள். எல்லோருக்கும் இதே டேப்பு, இதே வலி. அந்த ஆபரேஷனையே இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று சொன்னார்கள். பாதிச் சோற்றில் டப்பாவை மூடினேன். வீட்டுக்கு வந்து அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் முதலிலிருந்து பேச வேண்டும்.

நீ வளர்ந்தாய். “அம்மா ஏன் எப்பவும் படுத்துக்கினே இருக்காங்க?” என்று ஒருநாள் கேட்டாய். பிறகு கேட்பதையும் விட்டாய். பள்ளிக்கூட நாடகத்துக்கு அம்மா வந்து, உட்கார முடியாமல் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டே பார்த்தாள். உன் சிநேகிதி கேட்டதற்கு, அவங்களுக்கு நிற்கத்தான் பிடிக்கும் என்று நீ சொன்னாய். அது எனக்குக் கேட்டது. உன்மேல் தப்பில்லை. உனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

4

போன வருஷம் வைகாசியில் ஊருக்குப் போனோம். உனக்குப் பரீட்சை, நீ வரவில்லை. என் தங்கச்சி மலருக்குக் கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்த பெண்ணுக்குக் காதுகுத்து. அவர்களுடைய குலதெய்வம் கல்வராயன் மலையில், கச்சிராயபாளையம் தாண்டி, வெள்ளிமலைப் பாதையில் நாலைந்து வளைவு ஏறினால் வரும். நான் தாய்மாமன். என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும்.

வேனில் எல்லோரும் உட்கார்ந்திருக்க அம்மா மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“குந்துங்க அண்ணி. வளைவுல வுழுந்து வாரப் போறீங்க” என்றாள் மலர்.

“இல்ல மலரு. காத்து நல்லா வருது.”

இனியன் போனைத் தூக்கித் தூக்கி டவர் தேடிக்கொண்டிருந்தான். கோமுகி அணை தெரிந்தபோது அதைக் காட்டினேன். கூல் என்றான்.

வேன் நிற்கிற இடத்திலிருந்து கோயிலுக்கு ஏற்றத்தில் நடக்க வேண்டும். மாமன் வீட்டுச் சீர் வரிசையில் முதல் தட்டு மாமன் பெண்டாட்டி தலையில்தான். தேங்காய், வாழைத்தார், வெல்லம், துணிமணி. மேளம் அடித்துத் தட்டை எடுத்துவிட்டால் சாமி முன்னால்தான் இறக்க வேண்டும், நடுவில் கீழே வைக்கக் கூடாது. அம்மாவுக்கு இது தெரியும். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்களே.

பாதி ஏற்றத்தில் அம்மா நின்றாள். ஒரு பாறைமேல் தட்டை இறக்கி வைத்தாள். மேளம் நின்றுவிட்டது.

“ஐயோ, இன்னா அண்ணி! மொத தட்ட கீழ வச்சிட்டீங்க!” மலருக்கு அழுகையே வந்துவிட்டது. “எம்பொண்ணு காது குத்தறதுக்குள்ள இப்பிடிப் பண்ணிட்டீங்களே!”

பின்னால் யாரோ சொன்னார்கள். “லண்டன் காலு மாமா. லிஃப்ட்லயே போய்க்கினு இருந்தா மலை ஏறுமா?” நாங்கள் இருக்கும் ஊருக்கும் லண்டனுக்கும் அரைநாள் பயணம். ஊரில் எல்லாம் லண்டன்தான். நாலு பேர் சிரித்தார்கள்.

அம்மா சத்தமாகப் பேசுகிறவள் இல்லை. அன்றைக்குப் பேசினாள். “முடியலடி மலரு. கீழ அறுக்குது. ஏழு வருஷமா உள்ள கெடந்து அறுக்குது.”

ஆம்பிளைகள் எல்லோரும் மலையைப் பார்த்தார்கள்.

மலரின் நாத்தனார் சகுந்தலா மேலே மலைக் கிராமங்களில் நர்ஸாக இருக்கிறவர். அவர் வந்து தட்டை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். “அடிங்கய்யா மேளத்த. சாமி ஒண்ணும் கோச்சிக்காது. கோச்சிக்கினா எங்கிட்ட அனுப்புங்க, ஒரு ஊசி போட்டு வுடறேன்.” அம்மாவைத் தோளில் அணைத்துக்கொண்டு மெதுவாக நடந்தார்.

கோயில் வாசலில் நான் குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்தேன். ஆசாரி எதிரில். எனக்குப் பின்னால் மரத்தடியில் அம்மாவும் சகுந்தலாவும். திரும்பிப் பார்க்க முடியாது, ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

“உள்ள இன்னா வச்சாங்க அண்ணி?”

“டேப்பாம். நீரு கசியாம இருக்க.”

“எடுக்க முடியுமாமா?”

“எனக்கு இன்னா தெரியும்?”

“வைக்கறப்பவே கேக்கலியா?”

“இவருதான் கேட்டுச் சொன்னாரு. ஒண்ணும் ஆவாதுன்னு டாக்டரு சொன்னாராம்.”

“டாக்டரு அப்பிடிச் சொல்ல மாட்டாங்களே. ஒரு காப்பர் டி வைக்கவே நாங்க நாலு விஷயம் சொல்றோம். வலிக்கும், ரத்தம் போவும், நழுவும், அப்பிடி ஆனா ஒடனே வான்னு.”

“இவரு எங்கிட்ட பொய்யா சொல்லப் போறாரு?” என்றாள் அம்மா.

ஆசாரி ஊசியை எடுத்தவர் நிறுத்தினார். “மாமா, கொழந்தைய கெட்டியா புடிங்க. கொழந்த ஆடல, நீங்கதான் ஆடறீங்க.”

5

இரண்டு நாள் கழித்து சகுந்தலா எங்களைக் கள்ளக்குறிச்சியில் தனக்குத் தெரிந்த ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப்போனார். வயதானவர். மேசையில் மோர் டம்ளர். நான் வழக்கம்போல நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, “இவங்களுக்கு முதுகுலேர்ந்து...” என்று ஆரம்பித்தேன்.

“வலி உங்களுக்கா?”

“இல்லீங்க, இவங்களுக்கு.”

“அவங்களுக்கு வாய் இருக்கில்ல? நீங்க வெளிய குந்துங்க.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். இருபது நிமிஷம். கதவுக்குள் அம்மாவின் குரல் நிற்காமல் கேட்டது. என்ன சொல்கிறாள் என்று தெரியவில்லை. இவ்வளவு பேச இவளிடம் இருந்ததா என்று மட்டும் இருந்தது. நடுவில் ஒருமுறை அழுதாள்.

என்னைக் கூப்பிட்டபோது அம்மா திரைக்குப் பின்னால் புடவை கட்டிக்கொண்டிருந்தாள். டாக்டர் கை கழுவிக்கொண்டே பேசினார்.

“டேப்பு சதையை அறுத்து ஒரு விரக்கடை வெளிய தெரியுது. இத்தனை வருஷம் எப்படித் தாங்கினாங்க? இதை நான் இங்க தொட மாட்டேன். வெச்ச நாட்டுல, எடுக்கறதுக்குன்னே பழகின டாக்டருங்க இருப்பாங்க. கடிதம் தரேன்.” துண்டில் கையைத் துடைத்தார். “இப்படி ஆகலாம்னு அங்க சொல்லலியா?”

“இங்கிலீஷ்ல சொன்னாங்க.”

“உங்களுக்குப் புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது.”

“அவங்களுக்குச் சொன்னீங்களா?”

மின்விசிறியைப் பார்த்தேன். அவர் அதற்கு மேல் கேட்காமல் கடிதம் எழுத ஆரம்பித்தார்.

6

அந்தக் கடிதம் இங்கே வந்ததும் வேலை நடந்துவிடவில்லை. அதை ஸ்கேன் செய்து அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினால் வரவில்லை என்றார்கள். நேரில் கொடுத்தால் எங்கள் முறைப்படி நாங்களும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார்கள். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்டேன். கொடுத்தார்கள். கேட்டால் கொடுக்கிறார்கள் என்பது எட்டு வருஷம் கழித்துத் தெரிந்தது. பிறகு பெரிய ஆஸ்பத்திரியின் வரிசை. மாதக்கணக்கில்.

அங்கே குடும்பத்தார் மொழிபெயர்க்கக் கூடாதாம். மேசையில் ஒரு போனை வைத்து ஒலியைப் பெரிதாக்கினார்கள். அதிலிருந்து ஓர் ஈழத்து அம்மாவின் குரல் வந்தது. “அக்கா, வணக்கம். எந்த இடத்திலை நோகுது எண்டு வெக்கப்படாமச் சொல்லுங்கோ. ஆம்பிளையள் ஆரும் நிக்கினமோ அங்கை?”

அம்மா என்னைப் பார்த்தாள். நானே எழுந்து வெளியே வந்தேன். கயல், அன்றைக்கு நீ எனக்குக் காபி வாங்கிக் கொடுத்து, ஏன் அப்பா முகம் ஒருமாதிரி இருக்கு என்று கேட்டாய். தூக்கம் என்றேன்.

முக்கால் மணி நேரம் கழித்து அம்மா வந்தாள். வீட்டில் வந்துதான் சொன்னாள்.

“எடுத்தா பழையபடி ஒழுகுமாம். முழுசா வராம கொஞ்சம் உள்ளயே தங்கினாலும் தங்குமாம். எடுத்தும் வலி போவாமலும் இருக்கலாமாம். மூணயும் ரெண்டு வாட்டி சொன்னாங்க அந்தம்மா. நான் திருப்பிச் சொல்ற வரைக்கும் வுடல.”

“பயமா இல்லியா?”

“பயமாத்தான் இருக்குது. எதுக்குப் பயப்படறோம்னு தெரியுதில்ல.”

“எடுத்துடலாம்ன்றியா?”

“ஈரம்னா தொவைச்சிக்கலாம். இந்த வலிய எந்தத் தண்ணியில போட்டு அலசறது?”

அவளாக முடிவு செய்தாள். அதில் பேச எனக்கு எந்த உரிமையும் இல்லை. மூன்று மாதத்துக்கு முன் ஆபரேஷன் நடந்தது. ஒரு துண்டைத் தவிர மற்றதை எடுத்துவிட்டார்கள். கசிவு திரும்ப வந்துவிட்டது. தொடை வலி பாதி போயிருக்கிறது, மீதி போகுமா என்று அவர்களுக்கே தெரியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சாப்பாட்டு வேளை முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இனியன்தான் கவனித்தான். “அம்மா, நீங்க உக்காந்திருக்கீங்க” என்றான். மேலும் ஒரு தோசை கேட்பதற்காக அவன் காதிலிருந்ததைக் கழற்றியிருந்தான்.

7

இதுவரை எழுதி முடித்து, உனக்கும் அனுப்பாமல் கோவிந்தனுக்கும் அனுப்பாமல் ஒரு வாரம் அலமாரியில் வைத்திருந்தேன். முதலில் படித்துக் காட்ட வேண்டியது வேறு ஒருவருக்கு. அவளைக் கேட்காமல் அவள் உடம்பைப் பற்றி இரண்டாவது தடவையும் நானே பேசக் கூடாது.

நேற்று மத்தியானம் அம்மா சமையல்கட்டு மேசையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தேன். இரண்டாவது பகுதியில், டாக்டர் சொன்னதை எல்லாம் எழுதியிருக்கும் இடத்தில், என் குரல் இறங்கிவிட்டது.

“சத்தமா படிங்க” என்றாள்.

சத்தமாகப் படித்தேன். ஒரு வரி விடவில்லை. பட்டாணித் தோல் ஒரு பக்கம், மணி ஒரு பக்கம் சேர்ந்துகொண்டே இருந்தது. சின்ன அறையைப் பற்றிப் படித்தபோது மட்டும் அவள் கை நின்றது. “கீறிச்சா உங்களுக்கு?” என்றாள். ஆமாம் என்றேன். “என்னப் புடிக்காமதான் போனீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்” என்றாள். அடுத்த காயை எடுத்தாள்.

முடித்ததும் காகிதத்தை மடித்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“கள்ளக்குறிச்சியிலயே எனக்குத் தெரியும்” என்றாள். “அந்தம்மா உங்களக் கேட்டப்போ திரைக்குப் பின்னாலதான நின்னுக்கினு இருந்தேன்.”

“அப்புறம் ஏன் இத்தினி நாளா ஒரு வார்த்த கேக்கல?”

“நீங்களா சொல்லுவீங்களான்னு பாத்துக்கினு இருந்தேன்.”

அவள் பட்டாணியை அலசி வைத்துவிட்டு, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“புள்ளைங்களுக்கு அனுப்புங்க. ஊருக்கும் அனுப்புங்க. தட்ட கீழ வச்சதுக்கு இன்னும் பேசறாங்களாமே, அவங்களும் படிக்கட்டும். ஆனா ஒண்ணு வுட்டுட்டீங்க.”

“எத வுட்டேன்? எல்லாத்தயும்தான எழுதியிருக்கேன்.”

“பஸ் புடிச்சி வூட்டுக்கு வந்தோம்னு ஒரே வரியில முடிச்சிட்டீங்களே. பஸ் ஸ்டாப்புல நான் ஒண்ணு கேட்டனே. அத எழுதுங்க.”

மறக்கவில்லை, கயல். எழுதாமல் தப்பிக்கலாம் என்றுதான் நினைத்தேன். எழுதுகிறேன்.

அன்றைக்குத் தூறல். ஆஸ்பத்திரி வாசல் பஸ் நிறுத்தத்தில் நாங்கள் இருவர் மட்டும்தான். அம்மா முக்காடு போட்டு, டாக்டர் வரைந்து கொடுத்த படத்தை நனையாமல் பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“இன்னாங்க, அவரு அவ்ளோ நேரம் பேசினாரே. வேற எதுனா சொன்னாரா?”

நான் பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டு, “வேற ஒண்ணுமில்ல” என்றேன்.